மெதுவோட்ட நாட்களும் பயிற்சிக் குறிப்பேடும்: 10,000 மீட்டர் பயிற்சி குறித்து ஒரு கேள்வி

இருபத்தைந்து சுற்று எழுதியது:

வணக்கம். நான் 10,000 மீட்டர் ஓட்டத்தில் போட்டியிடுபவன், வயது 24. என் சிறந்த நேரம் 33 நிமிடம் 20 விநாடி. 5,000 மீட்டரில் 15:58. மூன்று ஆண்டுகள் யாருடைய வழிகாட்டலும் இல்லாமல், கிடைத்ததையெல்லாம் படித்து, வாரத்துக்கு 60 முதல் 65 கிலோமீட்டர் வரை நானாகவே ஓடிவந்தேன். ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். அவர் அதிகம் பேசாதவர். ஞாயிறு மாலை அடுத்த வாரத்துக்கான தாளைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

அந்தத் தாளில் இருக்கும் வாரம் இது. திங்கள் 12 கிலோமீட்டர் மெதுவோட்டம். செவ்வாய் ஓடுதளத்தில் 2 கிலோமீட்டர் வீதம் ஐந்து முறை. ஒவ்வொரு கிலோமீட்டரும் 3:28க்கும் 3:30க்கும் இடையில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு நிமிட ஓய்வு மட்டும், தொடக்கத்திலும் முடிவிலும் 3 கிலோமீட்டர் வார்ம் அப், கூல் டவுன். புதன் காலை 12, மாலை 6, இரண்டும் மெதுவாக. வியாழன் 12 மெதுவோட்டம், முடிவில் 100 மீட்டர் விரைவோட்டம் ஆறு. வெள்ளி 1,000 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 3:12, இடையில் இரண்டரை நிமிடம் மெல்ல ஓடியபடி ஓய்வு. சனி முழு ஓய்வு. ஞாயிறு 24 கிலோமீட்டர். வெள்ளியின் வார்ம் அப், கூல் டவுன் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வருகிறது.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாட்களும் அவர் உடன் இருப்பார். மற்ற நாட்களில் நான் தனியாக ஓடுகிறேன். மெதுவோட்டம் என்றால் கிலோமீட்டருக்கு 4:50 முதல் 5:00 வரை என்று அவர் எழுதியிருக்கிறார். முன்பு நான் 4:20க்குக் குறைவான வேகத்தில் ஓடியதே இல்லை என்பதால், 4:55இல் ஓடும்போது பயிற்சியே செய்யாமல் வீடு திரும்புவது போன்ற குற்ற உணர்வு வருகிறது. ஆகவே திங்கள், புதன், வியாழன் மூன்று நாட்களும் 4:15 முதல் 4:20 வரையிலான வேகத்தில்தான் ஓடிவருகிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது: அவர் கேட்டு வாங்கிப் பார்க்கும் குறிப்பேட்டில் 4:55 என்றுதான் எழுதுகிறேன். எங்கள் குழுவில் மூத்த வீரர் ஒருவர், 31 நிமிடத்தில் 10,000 மீட்டரை முடிப்பவர், மெதுவோட்டத்தை 4:10இல் ஓடுகிறார். அவரை யாரும் எதுவும் சொல்வதில்லை என்பதும் எனக்கு ஒரு சாக்காக அமைந்துவிட்டது.

சென்ற வெள்ளியன்று முதல் மூன்று ஆயிரங்களை 3:10, 3:09, 3:11 என்று முடித்தேன். நான்காவதில் 600 மீட்டரைக் கடந்ததும் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன, 3:17. ஐந்தாவது 3:22. மூச்சு முட்டவில்லை, கால்கள்தான் வரவில்லை. பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சை நிறுத்தி, ஆறாவது வேண்டாம் என்றார். கடந்த ஒன்றரை மாதமாகவே வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் போகின்றன. காலையில் எழுந்ததும் எண்ணி எழுதும் நாடித் துடிப்பு 48இலிருந்து 55க்கு ஏறியிருக்கிறது. (அதை மட்டும் உண்மையாக எழுதினேன்.) அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து குறைந்திருக்கலாம் என்று ஐயப்பட்டு அவர் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), ஹீமோகுளோபின் இரண்டும் சரியாகவே இருந்தன. அந்த அறிக்கையை அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இவ்வளவு மெதுவாக ஓடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? வாரத்தில் இரண்டே கடினமான நாட்கள் 10,000 மீட்டருக்குப் போதுமா? இனி ஒழுங்காக 4:55இல் ஓடிக்கொண்டு, நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

—

பழைய தடம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவற்றை அறிந்தவர்கள் சொல்லட்டும். சொல்லிவிடுங்கள், அடுத்த வெள்ளிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். என் காலத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு வலி தொடங்கியபோது, போட்டிக்கு ஐந்து வாரம் இருந்ததால், குறிப்பேட்டில் வலி என்ற கட்டத்தில் மூன்று வாரம் தொடர்ந்து "இல்லை" என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் அகலத்தில் தொட்டால் துள்ளும் அளவுக்கு வலித்த இடம் அது. கடைசியில் எலும்பில் கீறல் என்று தெரிந்து ஒன்பது வாரம் ஓட முடியாமல் போனது. அந்த மூன்று வாரமும் என் பயிற்சியாளர் என்னை நம்பித்தான் தொலைவைக் கூட்டினார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

—

நாலாவது சுற்று எழுதியது:

தம்பி, பதினெட்டு ஆண்டுகளாக நடுத்தொலைவு, நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தாளைக் கணக்குப் பார்த்தேன். 96 கிலோமீட்டரில் கடினமாக ஓடுவது செவ்வாயின் 10, வெள்ளியின் 6. ஆக 16, அதாவது ஆறில் ஒரு பங்கு. உங்களுக்குக் குறைவாகத் தோன்றும் இந்தப் பங்கு உலகத் தரத்துக்குப் புறம்பானதல்ல. ஓட்டம், பனிச்சறுக்கு, படகோட்டம் போன்ற நெடுந்திறன் விளையாட்டுகளில் உயர்மட்ட வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களின் பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு மெதுவாகவே நடப்பதைக் காட்டினார். உங்களுக்குக் குறைந்திருப்பது கடினமான நாட்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் திங்கள், புதன், வியாழன் மூன்றையும் நடுத்தரமாக்கிவிட்டதால், தாளில் இரண்டாக இருந்த கடினமான நாட்கள் காலில் ஐந்தாகிவிட்டன.

செவ்வாய்ப் பயிற்சி என்ன செய்கிறது என்று பாருங்கள். 3:28 என்பது உங்களைப் போன்ற ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தை ஒட்டியது. அந்த வேகத்தில் தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற வேதிப்பொருளை உடல் ஓரளவு உடனுக்குடன் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறது. அதைத் தாண்டினால் தேங்கத் தொடங்கும். ஐந்து முறை 2 கிலோமீட்டர் என்றால் அந்த எல்லையில் 35 நிமிடம் நிற்கிறீர்கள். இடையில் ஒரு நிமிடமே ஓய்வு தருவது நீங்கள் 3:20க்குத் தாவிவிடாமல் இருப்பதற்கான கடிவாளம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் உள்ளிட்ட நார்வே வீரர்கள், பயிற்சிக்கு நடுவே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் அளவைப் பார்ப்பது இந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பதற்காகத்தான். அந்த அளவுக்குத் திறமை உள்ளவர்களே தங்கள் ஆசையை நம்பாமல் கருவியை நம்புகிறார்கள்.

இனி மெதுவோட்டம். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுவது, தசைநார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுவது, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறன் வளர்வது ஆகிய எல்லாம் 4:55இலும் நடக்கின்றன. 4:20இல் ஓடினால் இவற்றில் சிறிது கூடக் கிடைக்கலாம். ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை வேறு. செவ்வாய்ப் பயிற்சி தொடைத் தசையில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து எரிபொருளைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டாலும் அது முழுமையாக நிரம்ப ஒரு நாள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். அது நிரம்ப வேண்டிய புதனன்று நீங்கள் 18 கிலோமீட்டரை நடுத்தர வேகத்தில் ஓடி மறுபடியும் அதிலிருந்தே எடுக்கிறீர்கள், வியாழனும் அப்படியே. வெள்ளியன்று மூச்சு முட்டவில்லை, கால்கள்தான் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் முழுப் பதிவிலும் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம் அதுதான். மூச்சு முதலில் தோற்றிருந்தால் 3:12 உங்களுக்குப் பொருந்தாத வேகம் என்று முடிவு செய்திருப்பேன். மூச்சு தாங்கியும் கால் தோற்றிருப்பதால், அந்த ஆயிரங்களைப் புதனும் வியாழனும் முன்கூட்டியே தின்றுவிட்டன என்றுதான் கொள்கிறேன்.

அதோடு, ஏழு மாதத்தில் உங்கள் வாரத் தொலைவு ஒன்றரை மடங்காகியிருக்கிறது. இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களில் புதிய சுமைக்குப் பழகிவிடும்; தசைநாணும் எலும்பும் பழக மாதக் கணக்கில் ஆகும். தொலைவைக் கூட்டும் பயிற்சியாளர் அதே நேரத்தில் வேகத்தைக் குறைப்பது அந்த இடைவெளியைக் கடப்பதற்காகத்தான்.

குழுவின் மூத்த வீரரைப் பற்றி: 31 நிமிடம் என்றால் அவருடைய போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 3:06. அவர் 4:10இல் ஓடுவது தன் போட்டி வேகத்தைவிட 64 விநாடி மெதுவாக ஓடுவது. உங்கள் போட்டி வேகம் 3:20. நீங்கள் 4:15இல் ஓடும் நாளில் இடைவெளி 55 விநாடியாகிவிடுகிறது. அவரைவிட மெதுவாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு அவரைவிடக் கடினமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கால்களில் எத்தனை ஆண்டு ஓட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடைசியாகக் குறிப்பேடு. வாரத்தில் மூன்று நாள் உங்களைப் பார்க்காத பயிற்சியாளருக்கு அந்த நோட்டுதான் கண். 4:55 என்று இருக்கிறது, நாடி 55 என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மெதுவாக ஓடுபவனுக்கு ஏன் நாடி ஏறுகிறது என்று அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார், சரியான பரிசோதனைக்குத்தான் அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருந்த எண்தான் தவறானது. நல்ல வேளையாக அறிக்கை சரியாக வந்தது. எல்லைக்கோட்டில் வந்திருந்தால் தேவையில்லாத இரும்பு மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2003ஆம் ஆண்டு முதல் தம் ஒவ்வொரு பயிற்சியையும் கையால் நோட்டில் எழுதிவருபவர். அவருடைய பயிற்சியாளர் பேட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடை தாண்டும்) ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். இளம் வயதில் கிப்சோகே அவரிடம் போய்ப் பயிற்சித் திட்டம் கேட்டார். அவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதை முடித்துவிட்டு வந்து கிப்சோகே அடுத்ததைக் கேட்டார். கொடுத்ததைக் கொடுத்தபடி ஓடினால்தான் அடுத்த தாளில் எதை மாற்றுவது என்று எழுதுபவருக்குத் தெரியும்.

நேரில் சொல்லுங்கள். கைக்கடிகாரத்தில் உண்மையான பதிவு இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

—

நேர்க்கணக்கு எழுதியது:

நாலாவது சுற்று சொன்னதில் பெரும்பகுதி சரி; ஆனால் 4:20ஐ ஒரு குற்றமாகவே ஆக்கிவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. போட்டி நேரத்தைக் கொண்டு பயிற்சி வேகத்தைக் கணிக்கும் பரவலான அட்டவணைகளைப் பார்த்தால், 33 நிமிட ஓட்டக்காரருக்கு 4:20 மெதுவோட்ட எல்லைக்குள்தான் விழுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தம் வீரர்களை வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடவைத்தார். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்கூட மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் சுற்றை ஓட வேண்டியிருந்தது. அவை தவழ்ந்து ஓடிய ஓட்டங்கள் அல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரி ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றது அந்தப் பயிற்சியால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொய் எழுதியது தவறுதான். ஆனால் 24 வயது இளைஞரிடம் ஏழு மாதமாக எண்களை மட்டும் கொடுத்து, ஏன் என்று ஒரு முறைகூடச் சொல்லாத பயிற்சியாளருக்கும் இதில் பங்கு இருக்கிறது. காரணம் தெரியாத எண்ணை மீறுவதற்கு மனம் எளிதாகத் துணிந்துவிடுகிறது.

—

நாலாவது சுற்று எழுதியது:

இரண்டாவது பத்தியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அது எனக்கும் பொருந்துகிறது, இளையவர்களிடம் நானும் அப்படி நடந்துகொண்டதுண்டு. முதல் பத்தியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. லிடியார்டின் வீரர்கள் அந்த 160 கிலோமீட்டரை ஓடியது அடித்தளக் கட்டத்தில். அந்த வாரங்களில் ஓடுதளத்தில் ஆயிரங்கள் கிடையாது. மலையேற்றமும் ஓடுதளமும் அதன் பிறகே வரும். செவ்வாயும் வெள்ளியும் கடினமாக வைத்துக்கொண்டு நடுவில் லிடியார்டைக் கொண்டுவந்து செருகினால் இரண்டும் கெடும். அட்டவணையைப் பொறுத்தவரை, 62 கிலோமீட்டர் ஓடிய காலத்தில் இவருக்கு 4:20 பொருத்தமாகவே இருந்திருக்கும். 96க்கு உடல் பழகிய பிறகு, அவருடைய பயிற்சியாளரே 4:35 என்று எழுதிக் கொடுத்தாலும் எனக்கு வியப்பு இருக்காது.

—

இருபத்தைந்து சுற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். மறுநாளே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, ஆனால் நல்ல விதமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி ஆறு வாரத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதே நோட்டில், பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அழிக்கக் கூடாது என்றார். உட்கார்ந்து எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு பக்கத்தில் ஒன்பது இடத்தில் அடித்தல் இருந்ததைப் பார்த்தபோதுதான் எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஆயிரங்களை இரண்டு வாரத்துக்கு எடுத்துவிட்டார். செவ்வாயன்று ஐந்துக்குப் பதில் நான்கு. காலை நாடி நேற்றும் இன்றும் 51. நேர்க்கணக்கு சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏன் 4:55 என்று பணிவாகக் கேட்டேன். முதல் மாதத்தில், காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் குதிகால் தசைநாண் இறுக்கமாக இருக்கிறது என்று நான் ஒரு முறை சொல்லியிருந்தேனாம். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்த இறுக்கம் முற்றிலும் போகும்வரை மெதுவோட்ட வேகத்தைக் கூட்டப்போவதில்லை என்றார்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. 4:55இல் ஓடும்போது ஓட்டமே கெட்டுப்போவது போல் இருக்கிறது. பாதம் தொப்பென்று விழுகிறது, இடுப்பு கீழே இறங்குகிறது. கவனம் சிறிது தவறினால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே 4:30க்கு வந்துவிடுகிறேன். இதை எப்படிச் சமாளிப்பது?

—

பழைய தடம் எழுதியது:

வேகத்தைக் குறைக்கும்போது நீங்கள் காலடியின் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடி விழும் எண்ணிக்கையைக் குறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் பாதம் தொப்பென்று விழுகிறது. எண்ணிக்கையைக் கூடியவரை பழையபடியே வைத்துக்கொண்டு காலடியின் நீளத்தைக் குறுக்குங்கள். 4:20இல் ஓடும்போது ஒரு நிமிடத்தில் வலது பாதம் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, 4:55இலும் அதற்கு இரண்டு மூன்று குறைவாக வந்தால் போதும் என்று ஓடிப் பாருங்கள். முதல் வாரம் பொம்மை ஓடுவது போல் இருக்கும், பிறகு பழகிவிடும்.

வேகம் தானாக ஏறுவதைத் தடுக்க, உங்களைவிட மெதுவான ஒருவரோடு சேர்ந்து ஓடுவதைவிட நல்ல மருந்து இல்லை. யாரும் கிடைக்காத நாளில், நீளமான ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் உரக்கச் சொல்லிப் பாருங்கள்; நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இடுப்பு கீழே இறங்குவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வியாழன் முடிவில் உங்கள் பயிற்சியாளர் வைத்திருக்கும் அந்த ஆறு விரைவோட்டங்கள் இடுப்பை மறுபடி மேலே தூக்குவதற்குத்தான் இருக்கின்றன. அவற்றை அவசரப்பட்டு முடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நடந்து திரும்பி வந்து, மூச்சு முழுவதும் அடங்கிய பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.